எங்களுக்கு மட்டும் ஏன் பொம்மை புக்கு?

கூட்டேரிப்பட்டில் பேருந்தை விட்டு இறங்கி மயிலம் சாலையில் திரும்பினால், கரும்பும் மல்லாட்டையும் மாறி மாறி வரும். அந்தப் பக்கத்தில் இருக்கிற ஒரு அரசு நடுநிலைப் பள்ளிக்கு வாரத்தில் ஒரு நாள், கடைசிப் பாடவேளையில், புத்தகம் வாசிக்கப் போய்க்கொண்டிருந்தேன். தலைமையாசிரியர் நல்ல மனிதர். "பிள்ளைங்க வாசிச்சா போதும் சார், நீங்க எதை வேணா கொண்டாங்க" என்று சொல்லிவிட்டார்.

துணிப்பையில் நாற்பது புத்தகம் கொண்டுபோனேன். பாதி படப்புத்தகம், பாதி எழுத்து நிறைந்த கனமான புத்தகம். ஏழாம் வகுப்பில் இருபத்தெட்டுப் பிள்ளைகள். முதல் நாள் ஆளுக்கு ஒரு பத்தி வாசிக்கச் சொன்னேன். கடகடவென்று வாசித்தவர்களுக்குக் கனமான புத்தகம், எழுத்துக்கூட்டித் திணறியவர்களுக்குப் படப்புத்தகம் என்று பிரித்துக் கொடுத்தேன். அவரவர் நிலைக்கு ஏற்றபடி கொடுப்பதுதான் முறை என்று நினைத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மூன்றாவது வாரம் ஒரு பையன் புத்தகத்தைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். "ஏன்டா தம்பி, படிக்கலையா?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்தில் இருந்த பெண்பிள்ளைதான் பேசினாள்.

"அண்ணா, எங்களுக்கு மட்டும் ஏண்ணா பொம்மை புக்கு?"

அந்த "எங்களுக்கு" என்ற சொல்லைக் கேட்ட பிறகுதான் வகுப்பைச் சரியாகப் பார்த்தேன். படப்புத்தகம் வைத்திருந்தவர்கள் பதினோரு பேர். ஒன்பது பேர் காலனிப் பிள்ளைகள். இரண்டு பேர் இருளர் வீட்டுப் பிள்ளைகள். ஊர்த் தெருவிலிருந்து ஒருவர்கூட இல்லை. கனமான புத்தகம் வைத்திருந்த பதினேழு பேரில் காலனியிலிருந்து மூன்றே பேர்.

தோழர்களே, நான் இரட்டைக் குவளைக் கணக்கெடுப்புக்கு டீக்கடை டீக்கடையாகப் போனவன். எந்தக் கடையில் பிளாஸ்டிக் கப், எந்தக் கடையில் கண்ணாடி டம்ளர் என்று நோட்டில் குறித்து மனு எழுதியவன். அதே நான் ஒரு வகுப்பறையில் இரண்டு விதமான புத்தகத்தை வைத்து, யாருக்கு எது என்று என் கையாலேயே பிரித்துக் கொடுத்திருக்கிறேன். யாருடைய சாதியையும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. வாசிக்கத் தெரியுமா என்று கேட்டதே போதுமாக இருந்தது.

இது ஏன் இப்படி ஆகிறது என்று நாம் தெளிவாகப் பேச வேண்டும். இந்தப் பிள்ளைகள் 2020 மார்ச்சில் பள்ளி மூடியபோது இரண்டாம் வகுப்பு. 2021 நவம்பரில் திரும்பத் திறந்தபோது நான்காம் வகுப்பு. எழுத்து கைக்கு வருகிற வயது முழுக்கப் பள்ளி இல்லை. ஸ்மார்ட்போன் இருந்த வீட்டில் ஏதோ கொஞ்சம் நடந்தது. இல்லாத வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. அதற்குமேல் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டவும் குடும்பத்தோடு போகும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் சில மாதங்களை இழக்கிறார்கள். இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை 2021 அக்டோபர் 27 அன்று முதலமைச்சர் தொடங்கி வைத்ததே நம் மாவட்டத்தில்தான், மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில். திட்டம் நல்ல திட்டம். ஆனால் இழந்தது எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை. பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 29 பேர் பட்டியல் சாதியினர். இந்த மாவட்டத்தில் யாருக்கு வாசிப்பு தட்டுகிறது என்று வரிசைப்படுத்தினால், அந்த வரிசையில் பாதி வேலையைச் சாதி ஏற்கெனவே செய்து வைத்திருக்கும்.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, நீதியரசர் சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அந்த அறிக்கை, வகுப்பில் பிள்ளைகளை அகர வரிசைப்படி உட்கார வைக்கச் சொல்கிறது. அதைப் படித்துவிட்டு நான் மேடையில் பாராட்டிப் பேசினேன். பெஞ்சைக் கலந்து போட்டுவிட்டு, கையில் இருக்கும் புத்தகத்தால் திரும்பவும் பிரித்தால் என்ன பயன் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஒரு பெண்பிள்ளை சொல்லித்தான் தோன்றியது.

அந்தப் பையனின் வெட்கம் எங்கிருந்து வந்தது? படம் சின்னப் பிள்ளைகளுக்கு, எழுத்து பெரியவர்களுக்கு என்று நாமெல்லாரும் நம்புகிறோம். ஆறாம் வகுப்பு வந்ததும் பாடப்புத்தகத்தில் படம் குறைகிறது. படம் பார்த்துப் பேசும் நேரம் முற்றிலும் போய்விடுகிறது. அதற்குப் பிறகும் கையில் படப்புத்தகம் இருந்தால் 'மக்கு' என்று பொருள்.

இது பொய்யான நம்பிக்கை. நம் மாவட்டத்திலேயே கீழ்வாலையிலும் செத்தவரையிலும் பாறை மேல் செங்காவி நிறத்தில் படங்கள் இருக்கின்றன. அவற்றை வரைந்தவர்கள் குழந்தைகள் இல்லை. பிரேசிலில் பாவ்லோ ஃப்ரெய்ரே 1963இல் அங்கிகோஸ் என்ற ஊரில் விவசாயக் கூலிகளுக்கு எழுத்தறிவு வகுப்பு நடத்தியபோது, எழுத்தை எடுப்பதற்கு முன்னால் படத்தைத்தான் காட்டினார். கிணறு, வீடு, மண்வெட்டி பிடித்த மனிதன் என்று அவர்கள் வாழ்க்கையே படத்தில் இருந்தது. அதைப் பார்த்து அவர்கள் பேசினார்கள். பேசியதிலிருந்து எழுத்து வந்தது. அடுத்த ஆண்டே ராணுவம் ஆட்சியைப் பிடித்து அவரைச் சிறையில் போட்டது. பொம்மை காட்டியதற்காக யாரும் சிறைக்குப் போவதில்லை.

இன்னொன்றும் நினைவிருக்க வேண்டும். 2012இல் பதினோராம் வகுப்புப் பாடநூலில் இருந்த ஒரு பழைய கேலிச்சித்திரம் நாடாளுமன்றத்தையே நிறுத்தியது. அரசியல் சட்டம் நத்தையாக ஊர்கிறது, மேலே அம்பேத்கர் உட்கார்ந்திருக்கிறார், பின்னால் நேரு சாட்டையோடு நிற்கிறார். தோழர் திருமாவளவன் அதை அவையில் எழுப்பினார். பிறகு அந்தப் படம் நீக்கப்பட்டது. நீக்கியது சரியா தவறா என்று நம் நண்பர்களுக்குள்ளேயே சண்டை நடந்தது. ஆனால் ஒரு வகுப்பறையில் ஒரு படம் என்ன செய்யும் என்பதில் இரண்டு பக்கத்துக்கும் சந்தேகம் இல்லை.

அடுத்த வாரம் துணிப்பையில் ஒரே புத்தகத்தைத்தான் கொண்டுபோனேன். பீமாயணம். ஒரு பிரதி என்னுடையது, இரண்டு பிரதி கடன் வாங்கியது. அகர வரிசையில் மூன்று வட்டமாக உட்கார வைத்தேன். எல்லாருக்கும் அதே புத்தகம்.

இதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அம்பேத்கர் தன் வாழ்க்கையில் பட்ட தீண்டாமையைப் பற்றி எழுதிய குறிப்புகளை அடிப்படையாகக் கொண்டு, 2011இல் நவயானா வெளியிட்ட சித்திர நூல் இது. தமிழிலும் இருக்கிறது. வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற இரண்டு பர்தான் கோண்டு பழங்குடி ஓவியர்கள். மற்ற காமிக்ஸ் மாதிரி இதில் கட்டம் கட்டமாக இருக்காது. அவர்கள் வீட்டுச் சுவரிலும் தரையிலும் போடுகிற திக்னா என்ற கோலத்தால் பக்கத்தைப் பிரித்திருப்பார்கள். பள்ளியில் சிறுவன் பீம் குழாயைத் தொடக்கூடாது. பியூன் வந்து திறந்து விட்டால்தான் தண்ணீர். 1901இல் அப்பாவைப் பார்க்கப் போகிற பயணத்தில், மசூர் ஸ்டேஷனில் இறங்கிய பிள்ளைகளை வண்டியில் ஏற்ற ஆள் இல்லை. இரண்டு மடங்கு கூலி கொடுத்து, வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட, வண்டிக்காரன் பக்கத்தில் நடந்து வருகிறான். இரவு முழுக்கக் குடிக்கத் தண்ணீர் இல்லை.

நன்றாக வாசிக்கிற ஒருவன் பேச்சுக்குமிழிகளில் இருந்ததை மடமடவென்று படித்துப் பக்கத்தைத் திருப்பப் போனான். புத்தகத்தைத் தொடைக்கு அடியில் வைத்திருந்தானே, அந்தப் பையன், பக்கத்தைப் பிடித்து நிறுத்தினான்.

"இரு. இவன் ஒடம்புல மீன் கீது பாரு."

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். பீமின் உடம்பு மீனாக இருந்தது.

"மீன் எதுக்குடா?" என்று கேட்டேன்.

"தண்ணி இல்லைல. ஏரி வத்தும்போது மீன் துடிக்கும்ல, அது மாதிரி."

வேகமாக வாசித்த பையன் அதைப் பார்க்கவே இல்லை. எழுத்து தெரிந்ததால் படத்தைத் தாண்டிப் போய்விட்டான். ஏரி வற்றும்போது மீன் பிடித்தவனுக்கு அது உடனே தெரிந்தது. அந்த முக்கால் மணி நேரத்தில் வகுப்பின் வரிசை மாறிப்போனது. எழுத்து தெரிந்தவர்கள் எழுத்தைப் படித்துச் சொல்ல, கண்ணால் பார்க்கத் தெரிந்தவர்கள் படத்தைப் படித்துச் சொன்னார்கள். மகாட் போராட்டம் வருகிற பக்கத்தில் அம்பேத்கர் பேசும் ஒலிபெருக்கியிலிருந்து தண்ணீர் தெளிப்பதைக் கண்டுபிடித்தது ஒரு இருளர் வீட்டுப் பெண்பிள்ளை. அதுவரை அந்தப் பிள்ளை வகுப்பில் வாயைத் திறந்து நான் கேட்டதில்லை. அந்தப் பக்கத்தில் இருந்த சொற்களை அவள் அன்றைக்குத்தான் எழுத்துக்கூட்டிப் படித்தாள். யாரும் படி என்று சொல்லவில்லை. தான் கண்டுபிடித்தது சரியா என்று பார்ப்பதற்காகப் படித்தாள்.

நடுநிலைப் பள்ளியில் படப்புத்தகம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். வாசிக்கத் தெரியாதவனுக்குக் கொடுக்கும் ஊன்றுகோலாக அது இருக்கக்கூடாது. வாசிக்கத் தெரிந்தவனும் தெரியாதவனும் ஒரே பக்கத்தின் மேல் குனிய வேண்டும். அது பந்தி மாதிரி. ஒருவருக்கு மட்டும் தனியாகப் போட்டால் சாப்பாடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது அவமானம்தான்.

அந்த நூலில் இன்னொரு விஷயம் உண்டு. பேச்சுக்குமிழிகள் இரண்டு வகை. மென்மையாகப் பேசுகிறவர்களின் பேச்சு பறவை வடிவத்தில் இருக்கும். சாதித் திமிரோடு பேசுகிறவர்களின் பேச்சுக்குத் தேள்கொடுக்கு இருக்கும். இதைப் பிள்ளைகள் அவர்களாகவே கண்டுபிடித்தார்கள். அடுத்த வாரம் இரண்டு சார்ட் ஒட்டினேன். ஒன்றில் பறவை, ஒன்றில் தேள். நீங்கள் கேட்ட வார்த்தைகளைப் பேர் போடாமல் சீட்டில் எழுதி மடித்துக் கொடுங்கள், எந்தச் சார்ட்டில் ஒட்டலாம் என்று சேர்ந்து முடிவு செய்வோம் என்றேன். எழுத வராதவர்கள் என் காதில் சொன்னார்கள், நான் எழுதினேன்.

தேளுக்கு நிறையச் சீட்டு வந்தது. 'மக்கு', 'கருப்பி', 'குண்டு' இவையெல்லாம் எல்லாத் தெருப் பிள்ளைகளுக்கும் கிடைத்தவை. பிறகு மற்றவை வந்தன. 'காலனி புத்தி'. 'எலி திங்கறவன்'. 'உங்களுக்குத்தான் எல்லாம் ஓசியில வருதே'. கடைசிச் சீட்டை வாசித்ததும் ஊர்த் தெருப் பையன் ஒருவன் நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டான்.

"இது தேள் வார்த்தையாண்ணா? எங்க ஆயா தெனம் சொல்லுமே."

நான் பதில் தேடிக்கொண்டிருந்தேன். என்னைக் கேள்வி கேட்ட அதே பெண்பிள்ளை, சண்டைக்குப் போகிற குரலில் இல்லை, கணக்குச் சொல்லிக் கொடுக்கிற குரலில் சொன்னாள்:

"ஒனக்குக் கொட்டாது. எனக்குக் கொட்டும்."

அவன் கொஞ்ச நேரம் சீட்டையே பார்த்துவிட்டு, எழுந்து போய் அதைத் தேள் பக்கத்தில் ஒட்டினான். அவன் மாறிவிட்டான் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. பன்னிரண்டு வயதுப் பையன். வீட்டுக்குப் போனால் அதே ஆயாதான். ஆனால் அந்த வார்த்தை இனி அவனுக்கு வெறும் வார்த்தையாக இருக்காது.

பறவைச் சீட்டு ஐந்துதான். 'சாப்ட்டியா', 'இங்க ஒக்காரு' என்பது மாதிரி. ஒன்றில் 'எட்டாவது அக்கா என் பேரைச் சொல்லிக் கூப்டுச்சு' என்று இருந்தது. அது யாருடைய சீட்டு என்று எனக்குத் தெரியாது.

இதில் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். முதல் முறை நான் செய்யவிருந்த தவறு, 'உனக்கு அப்படி நடந்திருக்கா' என்று நேராகக் கேட்பது. கடைசி நிமிடத்தில் விட்டுவிட்டேன். மற்ற தெருப் பிள்ளைகளும் இருக்கிற வகுப்பில் ஒரு காலனிப் பிள்ளையை எழுப்பி அவமானத்தைச் சொல்லச் சொல்வது இன்னொரு அவமானம். படம் இருப்பதன் நன்மையே அதுதான். பிள்ளை பீமைப் பற்றிப் பேசலாம். தன்னைப் பற்றிப் பேசுகிறதா என்பது பிள்ளைக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் வெள்ளைத்தாள் கொடுத்து, உங்கள் வீட்டை வரையுங்கள் என்றேன். இருபத்தெட்டுத் தாளிலும் கிட்டத்தட்ட ஒரே படம். முக்கோணக் கூரை, இரண்டு ஜன்னல், பக்கத்தில் தென்னை மரம், பின்னால் மூன்று கூர்மையான மலை, நடுவில் சூரியன். வகுப்பின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் மயிலம் மலை தெரியும். கூர்மையே இல்லாத சின்னக் குன்று, மேலே முருகன் கோயில் கோபுரம். அதை யாருமே வரையவில்லை. அந்த மாதிரி வீட்டில் அந்த வகுப்பில் ஒருவரும் குடியிருக்கவில்லை. காலனியில் இருப்பது தொகுப்பு வீடு, கூரை பெயர்ந்து கம்பி தெரிகிற வீடு. இருளர் பிள்ளைகள் இருப்பது ஏரிக்கரைக் குடிசை.

"உங்க வூடு இப்படியா இருக்குது?" என்று கேட்டேன்.

"வூடுன்னா இப்படித்தானண்ணா வரையணும்."

இத்தனை வருடமாகப் பார்த்த படங்கள் கற்றுக்கொடுத்தது அது. வீடு என்றால் இன்னொருவர் வீடு. மலை என்றால் வேறெங்கோ இருக்கிற மலை. அப்பா என்றால் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பவர். படத்தில் வராத வீட்டைப் பிள்ளைகள் மறைக்கக் கற்றுக்கொள்கிறார்கள். அந்தப் பையன் தொடைக்கு அடியில் புத்தகத்தை மறைத்த மாதிரி.

அதனால் நாங்களே ஒரு புத்தகம் செய்தோம். ஏ4 தாளை மடித்துத் தைத்த பதினாறு பக்கம். ஆளுக்கு ஒன்று. தெருவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து வரைய வேண்டும் என்பது மட்டும்தான் விதி. மல்லாட்டை ஆய்கிற அம்மா வந்தார். பறை காய வைக்கிற தாத்தா வந்தார். சூளையில் கல் அறுக்கிற குடும்பம் வந்தது. பாம்பு எந்த வளையில் இருக்கும் என்று கண்டுபிடிக்கிற வழியை ஒரு பையன் எட்டுப் பக்கத்துக்கு வரைந்தான். அதை ஊர்ப் பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்கிப் பார்த்தார்கள். ஒரு பெண் கோயில் தேரை வரைந்து, தேர் எந்தத் தெருவில் திரும்பி எந்தத் தெருவுக்கு வராது என்று அம்புக்குறி போட்டிருந்தாள். கீழே ஒரு வார்த்தையும் எழுதவில்லை. மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்கு 2023இல் அரசு சீல் வைத்ததைப் பற்றி நான் எழுதிய நீண்ட கட்டுரையைவிட அந்த அம்புக்குறி தெளிவாக இருந்தது.

இதற்கு நடுவில், எனக்குப் பெரிய பாடம் சொன்ன ஒரு கேள்வி வந்தது. பீமாயணம் முடித்து, ஏன் ஏன் என்று கேட்கிற சிறுவனாக அம்பேத்கரைக் காட்டும் தூலிகா வெளியீட்டையும் பார்த்த பிறகு ஒரு பிள்ளை கேட்டாள்: "அண்ணா, எல்லாப் புக்குலயும் அவுருக்குத் தண்ணி குடுக்க மாட்டேங்குறாங்க. அவுரு வெளாடவே இல்லியா?"

நம்மிடம் பதில் இல்லை. நம் பிள்ளைகளைப் படத்தில் கொண்டு வந்தாலே, அடிபட்டவர்களாகத்தான் கொண்டு வருகிறோம். அது உண்மைதான், அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அது மட்டுமே சொல்லப்பட்டால், காலனியில் பிறப்பது என்றாலே காயம்தான் என்று பிள்ளை படித்துக்கொள்ளும். ஐதராபாத்தில் அன்வேஷி என்ற பெண்கள் ஆய்வு மையம் 2008இல் 'டிஃபரண்ட் டேல்ஸ்' என்ற வரிசையைக் கொண்டு வந்தது. தலித், முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளின் உலகம். அதில் ஒரு கதை முழுக்க வீட்டில் தலைக்கறி சமைப்பதைப் பற்றியது. சிரிப்பும் பசியும் சண்டையும் வாசனையுமாக ஒரு வீடு. ஆங்கிலம், தெலுங்கு, மலையாளம் மூன்றிலும் வந்தது. துர்காபாய் வியாமே காஞ்சா அய்லய்யாவின் உழைப்பின் கண்ணியம் பற்றிய சிறுவர் நூலுக்கும் வரைந்திருக்கிறார். குயவர், தோல் தொழிலாளி, துணி வெளுப்பவர் எல்லாரும் அதில் அறிவு உள்ளவர்களாக வருகிறார்கள். நம் ஊர்ப் பிள்ளை ஏரியில் நீந்துகிற, பறையடித்து ஆடுகிற, ஈசலுக்கு வலை வைக்கிற படப்புத்தகங்கள் தமிழில் எத்தனை வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். வரையத் தெரிந்த தோழர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். சுவரெழுத்தும் பதாகையும் எழுதுகிற அதே கைதான்.

இதைப் படிக்கிற மாணவத் தோழர்கள், சனி ஞாயிறுகளில் இரவுப்பாடசாலை நடத்துகிறவர்கள், நாளைக்கே தொடங்கலாம். பணம் பெரிய தடை இல்லை. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம், அச்சடித்துக்கொள்ளலாம். அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிநிலையில் வருகின்றன. ஆறு முதல் ஒன்பது வகுப்புக்கான 'தேன்சிட்டு' இதழ் பள்ளிக்கே வருகிறது. அலமாரியில் பூட்டி வைத்திருந்தால் சாவியைக் கேட்டு வாங்குங்கள். திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முதலான தோழர்கள் தாய்த்தமிழ்ப் பள்ளியையும் இருளர் பிள்ளைகளுக்கான கல்வியையும் எத்தனை ஆண்டாக நடத்திக்கொண்டிருக்கிறார்கள் என்பதை ஒருமுறை போய்ப் பாருங்கள். நாம் முதல் ஆட்கள் இல்லை.

ஒன்று மட்டும் கவனம். படிநிலை என்பது புத்தகத்துக்குத்தான். 'நுழை' புத்தகத்தை ஒரு தெருவுக்கும் 'பற' புத்தகத்தை இன்னொரு தெருவுக்கும் கொடுத்துவிடாதீர்கள். நான் கொடுத்தேன். அதனால் சொல்கிறேன். எல்லாரையும் ஒரு பக்கத்தின் மேல் குனிய வையுங்கள். கதை முடிந்ததும் 'இதிலிருந்து என்ன நீதி தெரிகிறது' என்று கேட்காதீர்கள். 'என்ன பார்த்தீங்க' என்று கேளுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். நம்மைப் போன்ற பேச்சாளர்களுக்கு அது கடினம்.

வருடக் கடைசியில் பிள்ளைகள் செய்த புத்தகங்களைக் கயிற்றில் கிளிப் போட்டுப் பள்ளி வராண்டாவில் தொங்க விட்டோம். மீனைக் கண்டுபிடித்த பையனின் அம்மா மல்லாட்டைக் கொல்லியிலிருந்து அப்படியே வந்திருந்தார், கையில் மண்ணோடு. அவருக்குப் படிக்கத் தெரியாது. மகனின் புத்தகத்தைத் தொடாமல் தள்ளி நின்று பார்த்தார். அவன் கிளிப்பைக் கழற்றி அவர் கையில் கொடுத்தான். "மண்ணு ஒட்டினா பரவாயில்ல, நீயே பொரட்டு" என்றான்.

அவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்தி, "இது நம்ம வூடு" என்றார்.

ஜெய்பீம்.